தெள்ளுப்பூச்சியார் திருவீதி உலா

யானைமேல் பவனி வந்த மூன்று சோழர்களுக்கு ஒட்டக்கூத்தர் மூவருலா பாடி வைத்தார். எலிமேல் பவனி வருகிற எங்கள் வேந்தருக்கோ இந்நாள்வரை ஒரு புலவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு மில்லிமீட்டர் திருமேனி. இறகு இல்லை, ஆனாலும் எழுவார். பக்கவாட்டில் தட்டையான உடம்பு, பின்னோக்கிப் படிந்த மயிர்க்கவசம், எவ்வளவு அடர்ந்த ரோமக் காட்டிலும் தடையின்றிப் புகுந்து வெளிப்படும் வித்தகம், குருதி ஒன்றையே அமுதாகக் கொள்ளும் விரத வாழ்வு. இப்பேர்ப்பட்ட எலித் தெள்ளுப்பூச்சியார் மும்பை சீத்தா கேம்ப்பின் வீதிகளில் உலாப் போகும் சிறப்பை, அதற்குத் துணைநிற்கும் பெருமக்களின் கொடைத்திறத்தோடு சேர்த்துப் பாடும் பேறு எளியேனுக்கு வாய்த்தது என் முன்னோர் செய்த தவம்.

உலா நூல்களில் தலைவனைக் கண்டு மயங்குவோர் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவ மகளிர். பேதைக்கு வயது ஐந்து முதல் ஏழு. அதற்கும் இளையோரைச் சோழன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை, பாட்டில் அவர்களுக்கு இடமும் இல்லை. எங்கள் வேந்தரின் கருணை அந்த வரம்புக்குள் அடங்காதது. தவழும் பிள்ளை, தளர்நடை பயிலும் பிள்ளை, தரையில் பாய் விரித்து அம்மாவின் முந்தானைக்குள் உறங்கும் பிள்ளை என எல்லோரையும் அவர் தாமே தேடிப் போய்த் தீண்டுகிறார். மடியில் தூக்கிவைத்துக் கொஞ்ச ஆளில்லாமல் அம்மா வேலைக்குப் போன வீடுகளிலும், அந்தப் பிள்ளைகளைத் தொட ஒருவர் இருக்கிறார் என்பது எத்தனை ஆறுதல்!

அவருக்கு இந்தத் தலைநகரை அமைத்துக் கொடுத்தவர்களை முதலில் வணங்குவது முறை. மான்குர்த்துப் பக்கம் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. ஏறத்தாழ 70,000 பேர், அவர்களில் திரளான தமிழர்கள். பக்கத்திலேயே பாபா அணு ஆராய்ச்சி மையம். அணுவின் கருவைப் பிளக்கத் தெரிந்த பெரியோருக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. நெருக்கடி நிலையின் பொற்காலம் அது. 1976 மே 17 அன்று, போலீஸ் படை புடைசூழ, குடிசைகளைப் பிரித்து, சட்டிபானையோடும் கைக்குழந்தைகளோடும் அத்தனை பேரையும் டிராம்பே கழிமுகத்தின் சதுப்பு ஓரமாகிய இந்தச் சீத்தா கேம்ப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். பருவமழைக்கு மூன்று வாரமே மிச்சமிருந்த நன்முகூர்த்தம். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் இதை எதிர்த்து நீதிமன்றப் படியேறினார், தெருவிலும் போராடினார். 2000-ல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. இருந்தும் அன்றைய ஆட்சியாளர்களின் தொலைநோக்கு அவருக்கு எட்டவில்லை. சதுப்பில் மண்ணைக் கொட்டி அதன்மேல் மனிதரைக் கொட்டினால், அந்த மண்ணுக்கடியில் எலி வளை தோண்டும், எலிமேல் தெள்ளுப்பூச்சியார் எழுந்தருளுவார், ஒரு குடும்பம் பாய் விரிக்கும் அளவே உள்ள மனையில் அவருக்குக் குடிமக்கள் நெருக்கியடித்துக் கிடைப்பார்கள் என்பதையெல்லாம் அவர்கள் அன்றே கணித்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டு ஆகியும் அந்தக் கணிப்பு பிசகவில்லை.

வேந்தரின் வாகனத்தைப் பாடாமல் மேலே செல்லலாகாது. சாக்கடை ஓரத்துக் கருத்த எலியும், கடப்பைக் கல்லையே புரட்டிப் போடும் பெருச்சாளியும் அவருடைய பட்டத்து யானைகள். அவற்றுக்குத் தீனி தேடி அரண்மனை அலைய வேண்டியதில்லை. அள்ளாத குப்பை, மூடாத தொட்டி, தூர்வாராத கால்வாய் என மூவகை நெற்களஞ்சியங்கள் இரவும் பகலும் திறந்தே கிடக்கின்றன. இந்த எம்-கிழக்கு வார்டில்தான் 1927 முதல் மும்பையின் எச்சிலை வாங்கி மலையாய்க் குவித்துவைத்திருக்கும் தேவ்னார் குப்பைமேடும் இருக்கிறது. மலபார் ஹில்லில் மிஞ்சிய விருந்தையும் மூஷிகப் படைக்குப் பந்தி வைக்கும் சமத்துவம் வேறெந்த வார்டுக்கு வாய்த்தது? 2009-ல் வந்த மும்பை மனித வளர்ச்சி அறிக்கை இந்த வார்டுக்கு 0.05 என்ற குறியீட்டை வழங்கி, நகரத்தின் எல்லா வார்டுகளுக்கும் கீழே தனிச் சிம்மாசனம் போட்டு அமர்த்தியது. மனிதரைக் கணக்கெடுத்த அறிக்கை அது. எலிகளின் வளர்ச்சியையும் சேர்த்து எடுத்திருந்தால் முதலிடம் வேறு யாருக்குப் போயிருக்கும்?

இத்தனைக்கும் மேலாக நிற்பது பெருநகர மும்பை மாநகராட்சியின் வள்ளன்மை. 2025–26 ஆண்டுக்கு அது போட்ட வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். இந்தியாவில் இப்படியொரு செல்வச் சீமான் வேறு நகராட்சி இல்லை. இவ்வளவு பொருளை மடியில் கட்டிக்கொண்டும், ஒரு குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டு வேந்தரின் யானைகளைப் பட்டினி போடும் அற்பத்தனத்துக்கு அது இறங்காத பெருந்தன்மையைக் கண்டு கற்றவர் நாணுவர்.

எலிவேட்டையும் இந்த நகரத்தில் உண்டு. அதுவும் வேந்தரின் மேன்மைக்காகவே நடப்பது. ராத்திரி எலி அடிப்பவர்கள் என்றொரு படை மாநகராட்சியில் உண்டு. ஒரு கையில் டார்ச், மறு கையில் தடி, ஆளுக்கு ஓர் இரவில் முப்பது எலி. முப்பது சேராவிட்டால் அந்த இரவின் கூலி கேள்விக்குறி. பொழுது விடிந்ததும் செத்த எலிகளை வரிசையாய்க் கிடத்தி எண்ணுகிறார்கள். அவற்றில் சிலவற்றைக் கொள்ளைநோய் உண்டா என்று பார்க்கப் பரேலிலுள்ள ஹாஃப்கின் நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கூலிக்காரர்கள் சாக்கடைக்குள் காலை விட்டு இரவெல்லாம் உழைக்கிறார்கள், அவர்கள் கையைக் கும்பிடுகிறேன். நான் புகழ்வது அவர்கள் கையில் தடியை மட்டும் கொடுத்த மேலிடத்தின் ஞானத்தை. எலியின் உடம்பு குளிர்ந்தால் தெள்ளுப்பூச்சியார் அந்த வாகனத்திலிருந்து இறங்கி அடுத்த வெதுவெதுப்பான உடம்பைத் தேடுவார். ஆகவே முதலில் வளையில் பூச்சிமருந்து தூவி, பிறகுதான் எலியைக் கொல்ல வேண்டும் என்று உலகமெங்கும் உள்ள பொதுச் சுகாதார நூல்கள் பாடம் சொல்கின்றன. குதிரையை வெட்டிவிட்டு வீரரைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பத்திரமாய் இறக்கிவிடும் போர்முறையைச் சிகண்டிக்குப் பின்னே நின்று போரிட்ட அர்ச்சுனனும் அறியான்.

அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவை, பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிப் பளபளக்கக் காவலில் வைத்த வேல்களைப் பாராட்டினாளே, அந்தக் கொட்டிலுக்குச் சற்றும் குறையாதது இந்த நகரத்தின் அறிவுக் கொட்டில். 1896-ல் மாண்ட்வியில் கொள்ளைநோயை முதன்முதலில் கண்டு சொன்னவர் டாக்டர் அகாசியோ வியேகாஸ். 1897 ஜனவரியில் பைகுல்லாவின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வால்டெமார் ஹாஃப்கின் தடுப்பூசி செய்து, முதலில் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். 1898-ல் கராச்சியில் பால் லூயி சிமோன், நோயை எலியிலிருந்து எலிக்குச் சுமப்பது தெள்ளுப்பூச்சிதான் என்று காட்டினார். அடுத்த ஆண்டே பரேலில் ஆராய்ச்சிக்கூடம் திறந்தாயிற்று.

பிறகு நடந்ததுதான் கொட்டிலிலேயே மிகப் பளபளப்பான வேல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொள்ளைநோய் ஆய்வுக் குழுவினர் இதே பம்பாயில் கினிப்பன்றிகளைக் கூண்டில் வைத்து, நோயுற்ற தெள்ளுப்பூச்சிகள் உலவும் தரைக்கு மேலே தொங்கவிட்டார்கள். இரண்டு அங்குல உயரத்தில் தொங்கிய கினிப்பன்றிக்கு நோய் வந்தது. இரண்டடி உயரத்தில் தொங்கியதற்கு வரவில்லை. எங்கள் வேந்தரின் தாவல் இரண்டடி உயரம் எட்டாது என்ற ரகசியம் அன்றே உலகுக்கு வெளிப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலாக இந்த உண்மை நூலகத்து அலமாரியில் தூசுபடாமல் துலங்குகிறது. அதை யாராவது சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுவந்து, ஈரத் தரையில் ஒற்றைப் பாயில் கிடக்கும் பிள்ளை இரண்டு அங்குலக் கூண்டிலா இரண்டடிக் கூண்டிலா என்று ஒப்பிட்டுப் பார்த்து அழுக்காக்கிவிடவில்லை. ஆராய்ச்சிக்குக் கினிப்பன்றியை இரண்டடி தூக்கி வைத்த நகரம் அல்லவா, பிள்ளையை எந்த உயரத்தில் வைப்பது என்பதும் அதற்குத் தெரியும்!

இந்த வேந்தருக்குக் குலத்தால் வந்த மந்திரிகள் சிலர் உண்டு. கொள்ளைநோய்க் கிருமி மூத்தவர், உலகப்புகழ் பெற்றவர், ஆனால் முரடர். அவர் தெள்ளுப்பூச்சியாரின் தொண்டையையே அடைத்துப் பட்டினி போடுவார், எலிகளைக் கொத்துக் கொத்தாய்ச் சாகடித்து ஊருக்கு முன்னறிவிப்பும் கொடுத்துவிடுவார். இன்று நான் போற்ற வந்தது இளைய மந்திரியை. எலி டைபஸ் என்று மருத்துவர்கள் அழைக்கும் காய்ச்சலைத் தரும் ரிக்கெட்சியா கிருமி அவர். எவ்வளவு நாகரிகம்! தம்மைச் சுமக்கும் தெள்ளுப்பூச்சியின் ஆயுளில் ஒரு நாளையும் குறைக்க மாட்டார். எலிக்கும் ஒரு தும்மல்கூட வர விடமாட்டார். எலி செத்து விழுந்து எச்சரிக்கும் அநாகரிகம் அவர் ஆட்சியில் கிடையாது. அவர் மருத்துவ நூல்களில் ஏறிய ஊர்ப்பட்டியலில் புனேயும் லக்னோவும் மைசூரும் கொல்கத்தாவும் காஷ்மீரும் உண்டு. எலி வாழும் துறைமுக நகரமெல்லாம் உலகெங்கும் அவருக்குச் சொந்த ஊர்.

கொலைப்பழி தம் கைக்கு வராமல் அவர் காரியம் முடிக்கும் நேர்த்தியைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வேந்தர் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே அமர்ந்து அமுதுண்கிறார். உண்ணும்போதே மிளகைப் பொடித்ததுபோல் ஒரு துளி கருங்கழிவை அங்கேயே இட்டுச் செல்கிறார். மந்திரி அதற்குள்ளே இருக்கிறார். கடித்த இடம் அரிக்கிறது. தூக்கத்தில் பிள்ளையின் கை தானாகவே அங்கே போய்ச் சொறிகிறது. அம்மா ஞாயிற்றுக்கிழமை வெட்டிவிட மறந்த குட்டி நகம், அந்தக் கழிவைத் தோலுக்குள் தேய்த்து ஏற்றுகிறது. ஆக, நோயைப் பிள்ளைக்குக் கொடுத்தது பிள்ளையின் விரலே. விசாரணை வைத்தாலும் வேந்தர்மேல் குற்றம் நிற்காது, மாநகராட்சிமேல் நிச்சயம் நிற்காது.

ஒன்று அல்லது இரண்டு வாரம் சந்தடி இல்லை. பிறகு ஒரு நாள் உடம்பு கொதிக்கிறது. பேசத் தெரிந்த பிள்ளை தலை வலிக்கிறது என்கிறது. பேசத் தெரியாதது தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறது. வயிற்றுவலி, வாந்தி. மார்பிலும் வயிற்றிலும் செம்புள்ளி எழலாம், எழாமலும் போகலாம். எழுந்தாலும் நம் பிள்ளைகளின் மாநிறத் தோலில், ஒற்றை டியூப்லைட்டின் வெளிச்சத்தில், அதைக் காண ஞானக்கண் வேண்டும். காய்ச்சல், தலைவலி, புள்ளி மூன்றும் சேர்ந்து வந்தால் கண்டுபிடிக்கலாம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. குழந்தைகளுக்கு மூன்றும் சேர்ந்து வருவது குறைவு என்பதையும் அதே புத்தகம் சொல்கிறது. தன்னடக்கம் மிக்க நோய்.

பெரும்பாலான குழந்தைகளை மந்திரி இரண்டு வாரம் வாட்டியபின் விட்டுவிடுகிறார். அந்தத் தயையை மறைக்க மாட்டேன். சிலரிடத்தில்தான் அவர் தம் முழுத் திறமையையும் காட்டத் திருவுளம் கொள்கிறார், அங்கேதான் புலவனுக்கு வேலை. அவர் குடியேறுவது நுண்ணிய இரத்த நாளங்களின் உட்சுவரில். உடம்பில் நாளம் இல்லாத மூலை ஏது? ஆகவே அவர் நுழையாத அறையும் இல்லை. சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. பிளேட்லெட் சரிகிறது, உப்புச்சத்து குறைகிறது, ஈரல் வீங்குகிறது. முகம் உப்பி, காலில் நீர் கோத்து, மெலிந்திருந்த பிள்ளை இரண்டு நாளில் ‘தேறி’விட்டதுபோல் காட்சியளிக்கும் அற்புதமும் நடக்கிறது. பாட்டிமார் திருஷ்டி கழிக்கிறார்கள். பிறகு நுரையீரலில் நீர் இறங்கி மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது. சிறுநீர் வற்றுகிறது. இருதயத் தசை தளர்கிறது. மூளையின் உறையில் அழற்சி ஏறி, கழுத்து விறைத்து, கண் மேலே செருகி வலிப்பு வருகிறது. இன்னும் அருமையான ஒரு வித்தை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே வெறிகொண்டு சொந்த இரத்த அணுக்களை விழுங்கத் தொடங்கும். அபூர்வமாக நிகழ்வது, ஆனால் நிகழ்ந்துவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவே நடுங்கும். மூளைவரை போய்த் திரும்பிய குழந்தைகளில் சிலருக்குக் காது மந்தமாகிறது. சிலர் பள்ளிக்கூடத்தில் பின்வரிசைக்குப் போகிறார்கள். இத்தனையும் இரண்டு மில்லிமீட்டர் பூச்சியின் ஒரு துளிக் கழிவில் தொடங்கியது என்றால் அதன் புகழைச் சொல்லி முடிக்க ஆதிசேஷனுக்கும் நாக்கு போதாது.

உலா வரும் வழியில் அரண்மனை வைத்தியர்களையும் தரிசிக்கலாம். ராத்திரி பத்தரை மணி. மெடிக்கல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து எட்டிப் பார்க்கிறாள்.

“அண்ணே, நாலு நாளா காய்ச்ச விடமாட்டேங்கு. ராத்திரி பூரா அனத்துதான். தலையத் தலைய செவுத்துல முட்டுதான்.”

“வைரல்தாம்மா. எல்லா வீட்லயும் இருக்கு. இந்த ரெண்டு சிரப்பும் குடு, அஞ்சு நாள்ல சரியாயிரும்.”

எத்தனை தெளிவு, எத்தனை வேகம்! நாடி பார்க்கவில்லை, நாக்கை நீட்டச் சொல்லவில்லை, ஷட்டரையும் முழுதாய்த் தூக்கவில்லை. தன்வந்திரியே கண் திறந்து யோசித்துச் சொல்லும் விடையைக் கண்ணால் பிள்ளையைப் பாராமலே சொல்லும் ஆற்றல். அவர் தரும் இரண்டு சிரப்பில் ஒன்று பாராசிட்டமால், இன்னொன்று பெரும்பாலும் அமாக்ஸிசிலின். பின்னதைத் தேர்ந்ததுதான் ராஜவிசுவாசம். ரிக்கெட்சியா மந்திரி நம் உயிரணுவின் உள்ளறையில் வசிப்பவர், பென்சிலின் வகை மருந்துகள் அவரை ஒன்றும் செய்வதில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசியில் ஏற்றும் செஃப்ட்ரியாக்சோனும் அவ்வளவே. மருந்து போய்க்கொண்டே இருக்கிறது, காய்ச்சலும் இருந்துகொண்டே இருக்கிறது. மருந்தும் நோயும் இவ்வளவு சமாதானமாய் ஓருடம்பில் குடித்தனம் நடத்துவதை வேறெங்கு காண்பீர்கள்?

ஆறாம் நாள் பரிசோதனைக் கூடத்தின் சீட்டு வருகிறது. மலேரியா இல்லை, டெங்கு இல்லை, லெப்டோஸ்பைரோசிஸ் இல்லை. டைபாய்டுக்கான விடால் சோதனை மட்டும் சற்றே தலையாட்டுகிறது. பழைய காய்ச்சலுக்கும் வேறு காய்ச்சலுக்கும்கூட அது தலையாட்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்வது மரபு. எங்கள் மந்திரிக்கென்று ஒரு சோதனை உண்டு. ஒளிரும் எதிர்ப்பொருளைக் கண்ணாடித் தகட்டில் தேடும் அந்தச் சோதனைக்கு, முதல் வாரம் ஒருமுறை இரத்தம் எடுத்து, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட வேண்டும். அதற்குள் பிள்ளை ஒன்று பிழைத்து விளையாடப் போயிருக்கும், அல்லது இரண்டாம் முறை இரத்தம் கொடுக்கும் சிரமத்திலிருந்தே விடுதலை பெற்றிருக்கும். அதனால் முடிவுக்குக் காத்திராமல் சந்தேகம் வந்தவுடனே மருந்தைத் தொடங்குங்கள் என்று மருத்துவ உலகம் ஒரே குரலில் சொல்கிறது. சந்தேகம் என்பது பண்பாட்டுக் குறைவு, பிறர்மேல் சந்தேகப்படாத நம் உயர்குணத்தால் வேந்தர் தப்பிக்கிறார்.

எண்ணிக்கையிலும் அவருக்குச் சிறப்பு மரியாதை. மழைக்காலம் முழுக்க மாநகராட்சி மலேரியா இத்தனை, டெங்கு இத்தனை, லெப்டோ இத்தனை, வயிற்றுப்போக்கு இத்தனை என்று கணக்கு வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் தெள்ளுப்பூச்சியார் பெயரை ஏற்றிக் களங்கப்படுத்துவதில்லை. லாஸ் ஏஞ்சலஸ் என்றொரு பண்பற்ற ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே எலி டைபஸ் வந்த ஒவ்வொருவரையும் டாக்டர்கள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2022-ல் 171 பேர், அவர்களில் மூவர் இறந்தார்கள் என்று பெயர்ப்பலகை எழுதாத குறையாய் அறிவித்து, இறப்புக் கோப்புகளையும் பிரித்துப் படித்து வேந்தரை அவமானப்படுத்தினார்கள். நம் நாகரிகம் அப்படிப்பட்டதல்ல. இங்கே தேடுவதில்லை, தேடாததால் கிடைப்பதில்லை, கிடைக்காததால் நோயே இல்லை. நோயே இல்லாதபோது அதற்குச் சோதனை எதற்கு என்று பட்ஜெட் போடுகிறவர் கேட்கும் கேள்வியில் தர்க்க சாஸ்திரத்தின் அத்தனை பிரிவுகளும் அடங்கிவிடுகின்றன.

இப்போது, வேந்தர் உண்மையிலேயே அஞ்சும் ஒரு பகைவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்பது அதன் பெயர். 1960-களிலிருந்து இருக்கும் பழைய மருந்து, கட்டிங் சாய்க்குக் கொடுக்கும் காசு ஒரு மாத்திரைக்கு மிச்சம். பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம், மங்கல்சூத்திரத்தை அடகுவைக்க வேண்டாம். இவ்வளவு கொடிய ஆயுதத்தை வேந்தருக்கெதிராக உருவிவிடாமல் தடுத்துக் காத்தது எது? பல்.

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்து கொடுத்தால் பல் மஞ்சளாகும் என்பது பழைய தலைமுறையின் பாடம். அந்தக் குடும்பத்தின் பழைய மருந்துகள் அப்படிச் செய்தன, உண்மைதான். டாக்ஸிசைக்ளின் அப்படிச் செய்கிறதா என்று 2015-ல் அமெரிக்காவில் பார்த்தார்கள். எட்டு வயதுக்கு முன்பே இதைச் சாப்பிட்டிருந்த 58 குழந்தைகளின் பற்களைச் சாப்பிடாத குழந்தைகளின் பற்களோடு ஒப்பிட்டதில் ஒருவர் பல்லிலும் கறை காணவில்லை. ரிக்கெட்சியா நோய் என்று சந்தேகம் வந்தால் எந்த வயதுப் பிள்ளைக்கும் இதையே முதலில் கொடுங்கள் என்று அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்லிவிட்டது. அசித்ரோமைசின் கொடுத்துப் பார்க்கலாமே என்போருக்கு, லாவோஸ் நாட்டில் எலி டைபஸ் நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு, டாக்ஸிசைக்ளினே மேல் என்று விடை தந்துவிட்டது. இதையெல்லாம் படித்த பிறகும், பிள்ளையின் சிரிப்பு முத்துப்போல் வெளுத்திருக்க வேண்டும் என்ற கலையுணர்வோடு கையை இழுத்துக்கொள்ளும் வைத்தியர்களின் அழகியலுக்கு நான் தலைவணங்குகிறேன். சிறுநீரகம் நின்றால் என்ன, மூளை வீங்கினால் என்ன, படுக்கையில் கிடத்தும்போது வாய் திறந்திருந்தால் பார்ப்பவர் கண்ணுக்குப் பல் பளிச்சென்று தெரிய வேண்டும் அல்லவா!

அம்மாக்களின் பங்கையும் சிலர் பாடச் சொல்கிறார்கள். சுத்தம் தெரியாதவர்கள், தரையில் படுக்கவைப்பவர்கள், ஐந்து நாள் பொறுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் என்று மேடைதோறும் அவர்களுக்குத் தனி வாழ்த்துப்பா உண்டு. குழாயில் தண்ணீர் வரும் அந்த ஒரு நேரத்தில் குடம் குடமாய்ப் பிடித்து, நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து, பொந்தில் கண்ணாடித் துண்டும் சிமெண்டும் வைத்து அடைத்து, எலி மறுபடி தோண்டியதும் மறுபடி அடைத்து, பிள்ளையின் காலைத் தன் சேலையால் சுற்றிவைத்துத் தூங்கும் பெண்ணுக்குச் சுத்தம் பற்றி வகுப்பெடுக்கும் அந்தப் பேச்சாளர்களின் துணிவை நான் வியக்கிறேன். அந்தத் துணிவைப் பாட எனக்குத் தகுதி போதாது, விட்டுவிடுகிறேன்.

வேந்தரின் ஆட்சி நீடூழி நிலைக்க வேண்டுமானால் அவையோர் சில காவல்களை விடாது பேண வேண்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி வந்துவிடக் கூடாது. எலி வளையில் தடிக்கு முன்னால் மருந்துத்தூள் போய்விடக் கூடாது. ஈரத் தரைக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒரு மரக்கட்டிலுக்கு எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்கிவிடக் கூடாது. மழைக்காலப் பட்டியலில் புதிதாய் ஒரு வரி சேர்ந்துவிடக் கூடாது. இவற்றில் ஒன்றிரண்டு தவறினாலும் வேந்தர் சமாளித்துக்கொள்வார். ஆனால், காய்ச்சல் மூன்றாம் நாளைத் தாண்டிய பிள்ளையை மடியில் வாங்கி, முழங்காலுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்து, “ஏம்மா, வீட்ல எலித் தொல்லை உண்டா?” என்று கேட்டு, பதில் வருமுன்னே டாக்ஸிசைக்ளின் என்று சீட்டில் எழுதத் தொடங்கும் டாக்டர் ஒருவர் எங்காவது இருந்தால், தயவுசெய்து அவரை மட்டும் சீத்தா கேம்ப் மாநகராட்சி மருந்தகத்துக்கு மாற்றல் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.